திருவுளச்சீட்டும் எல்லைக்கோடும்: வேர்ஜீனியாவின் 94ஆம் தேர்தற்றொகுதி

ஒரு வாக்கினாலும் ஆட்சி மாறக்கூடும் என்பது சனநாயக நாடுகளில் வாக்காளருக்கு அடிக்கடி நினைவூட்டப்படும் ஒரு கூற்றாகும். ஐக்கிய அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் 2017ஆம் ஆண்டு நவம்பர் 7ஆந் திகதி நடைபெற்ற தேர்தலின் பின்னர் இக்கூற்றுக்கு உதாரணமாக எல்லோரும் எடுத்துக்காட்டியது அம்மாநிலச் சட்டமன்றத்தின் 94ஆம் தேர்தற்றொகுதியாகும். நியூபோர்ட் நியூஸ் என்னும் துறைமுக நகரின் புறநகர்ப் பகுதியை உள்ளடக்கிய அத்தொகுதியில் இரு வேட்பாளரும் 11,608 வாக்குகள் வீதம் சமமாகப் பெற்றனர். திருவுளச்சீட்டின் மூலம் ஒருவர் தெரிவு செய்யப்பட்டார். அச்சீட்டே நூறு உறுப்பினரைக் கொண்ட சபையில் எக்கட்சி பெரும்பான்மை பெறும் என்பதையும் தீர்மானித்தது. சீட்டெடுத்த காட்சியின் புதுமை காரணமாக அத்தொகுதியின் வரலாறு பெரும்பாலாரின் கவனத்திற்கு வரவில்லை. அவ்வரலாற்றை நோக்கும்போது, அங்கு தற்செயலாக நிகழ்ந்தவை எவை, திட்டமிட்டுச் செய்யப்பட்டவை எவை என்ற வினா எழுகின்றது.

சேம்ஸ் ஆற்றின் வடகரையில், செசப்பீக் விரிகுடாவின் வாயிலை நோக்கி நீண்டு கிடக்கும் குடாநாட்டிலே நியூபோர்ட் நியூஸ் அமைந்துள்ளது. ஆங்கிலேயக் குடியேற்ற காலத்தில், 1634இல், வேர்ஜீனியாவில் வகுக்கப்பட்ட எட்டு நிருவாகப் பிரிவுகளுள் ஒன்று இப்பகுதியாகும். பின்னர் இது வார்விக் கவுண்டி எனப் பெயர் பெற்று, இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பெரும்பாலும் வேளாண்மைப் பிரதேசமாகவே இருந்து வந்தது. புகையிரதப் பெருமுதலாளியான கொலிஸ் ஹண்டிங்டன் 1880களின் தொடக்கத்தில் நிலக்கரியை ஏற்றுமதி செய்யும் பொருட்டுத் தமது இருப்புப்பாதையை இக்குடாநாட்டின் முனைவரை கொணர்ந்தார். 1886இல் அவர் நிறுவிய கப்பல் கட்டும் நிறுவனம் இன்று அணுசக்தியால் இயங்கும் விமானந்தாங்கிக் கப்பல்களைக் கட்டும் பெருந்தளமாக விளங்குகின்றது. தளத்தைச் சுற்றி வளர்ந்த ஊர் 1896இல் தனி நகராகியது. வேர்ஜீனியாவின் சட்டப்படி நகரங்கள் கவுண்டிகளின் பகுதிகளாகா. அவை தனித்த நிருவாக அலகுகளாகும். எனவே கவுண்டி ஒருபுறமும் நகர் மறுபுறமுமாகப் பிரிந்தன.

இரண்டாம் உலகப் போரும் அதன் பின்னர் பெருகிய மோட்டார் வாகனப் போக்குவரத்தும் இப்பிரிவைப் பொருளற்றதாக்கின. கப்பற்றளத் தொழிலாளரும், வடக்கேயுள்ள யூஸ்டிஸ் இராணுவ முகாமைச் சார்ந்தோரும், அரசாங்க ஊழியரும் பழைய நகரின் எல்லைக்கு வெளியே வார்விக்கின் வயல்களில் வீடுகளை அமைத்துக் குடியேறினர். அயல் நகரங்கள் தன் நிலத்தைச் சிறிது சிறிதாகக் கவர்ந்துவிடும் என்ற அச்சத்தினால் வார்விக் 1952இல் தானே ஒரு நகராகப் பிரகடனஞ் செய்து கொண்டது. ஆறு ஆண்டுகள் மட்டுமே அந்நகர் நிலைத்தது. 1958இல் வார்விக்கும் நியூபோர்ட் நியூஸும் ஒன்றிணைக்கப்பட்டன. வார்விக் என்ற பெயர் ஒரு நெடுஞ்சாலையின் பெயராக மாத்திரம் எஞ்சியது. தென்முனையில் கறுப்பின மக்கள் செறிந்து வாழும் பழைய நகரும், வடக்கே நீண்டு செல்லும் வெள்ளையரின் புறநகரும் ஒரே நகராட்சியின் கீழ் வந்தன. எனினும் அவை ஒரே சமூகமாகவில்லை. பிற்காலத் தேர்தல் வரைபடங்களை வரைந்தோர் இவ்வேறுபாட்டை நன்கு அறிந்திருந்தனர்.

புறநகரங்கள் பெருகிய வேகத்திற்கேற்பச் சட்டமன்றத்திற் பிரதிநிதித்துவம் பெருகவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வேர்ஜீனிய அரசியல் ஹரி பேர்ட் என்பாரின் கட்சி இயந்திரத்தின் பிடியில் இருந்தது. கிராமப்புறக் கவுண்டிகளே அவ்வியந்திரத்தின் ஆதாரம். 1902ஆம் ஆண்டு அரசியலமைப்பு விதித்த தலைவரி, ஆண்டொன்றுக்கு ஒன்றரை டொலர் வீதம் தேர்தலுக்கு ஆறு மாதங்களுக்கு முன்னரே செலுத்தப்பட வேண்டியதாயிருந்தமையால், கறுப்பினத்தவரையும் வறிய வெள்ளையரையும் வாக்குச்சாவடிக்கு வராது தடுத்தது. வாக்களித்தோருள்ளும் புறநகர்வாசியின் வாக்கு கிராமத்தவரின் வாக்கிலும் எடை குறைந்ததாயிருந்தது. கீழ்ச்சபையின் மிகப் பெரிய தொகுதிக்கும் மிகச் சிறிய தொகுதிக்கும் இடையே மக்கட்டொகையில் நான்கு மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு காணப்பட்டது.

வாஷிங்டனுக்கு அண்மையிலுள்ள ஆர்லிங்டன், பெயர்பக்ஸ் ஆகிய புறநகர்க் கவுண்டிகளின் வாக்காளர் தொடுத்த வழக்கில் நோர்போக் நகரத்தவரும் இணைந்து கொண்டனர். டேவிஸ் எதிர் மான் என்னும் அவ்வழக்கில் 1964 யூன் 15ஆந் திகதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அலபாமா மாநிலம் தொடர்பான புகழ்பெற்ற ரெனல்ட்ஸ் எதிர் சிம்ஸ் வழக்கின் தீர்ப்பும் அன்றே வழங்கப்பட்டதாகும். வேர்ஜீனியா மாநிலத்தின் வாதங்களுள் ஒன்று இங்கு கருதத்தக்கது. குறை பிரதிநிதித்துவம் பெற்ற பகுதிகளில் படைவீரரும் அவர்தங் குடும்பத்தினரும் பெருந்தொகையாக வாழ்கின்றனர் என்றும், ஆகையால் அங்குள்ள மக்கட்டொகையை முழுமையாகக் கணக்கிற் கொள்ளத் தேவையில்லை என்றும் அது வாதிட்டது. போர்க்கப்பல்களாலும் முகாம்களாலும் வாழும் ஹாம்டன் சாலைப் பிரதேசத்திற்கு இவ்வாதம் ஏற்கப்பட்டிருப்பின் எத்தகைய கேடு விளைந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. நீதிமன்றம் அதனை நிராகரித்தது. இரண்டாண்டுகளின் பின், 1966இல், ஹாப்பர் வழக்கிலே மாநிலத் தேர்தல்களுக்கான தலைவரியும் ஒழிக்கப்பட்டது. நியூபோர்ட் நியூஸுக்கு எதிர்க்கரையிலுள்ள நோர்போக்கைச் சேர்ந்த ஈவ்லின் பட்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி அவ்வழக்கின் வாதிகளுள் ஒருவர் ஆவர்.

இவ்வாறு வாக்குகளின் எண்ணிக்கைச் சமத்துவம் நிலைநாட்டப்பட்டது. ஆயினும் சமமான தொகையினரைக் கொண்ட தொகுதிகளை வரையும்போதும் கோட்டை எப்பக்கம் வளைப்பது என்ற சுதந்திரம் வரைபவரிடமே இருந்தது. பல உறுப்பினர் தொகுதிகள் நீக்கப்பட்டு, நூறு தனி உறுப்பினர் தொகுதிகள் 1982இல் ஏற்படுத்தப்பட்டபோது இச்சுதந்திரத்தின் பெறுமதி மேலும் உயர்ந்தது.

1968 முதல் நியூபோர்ட் நியூஸின் பிரதிநிதியாயிருந்த ஆலன் டயமன்ஸ்டைன் என்னும் சனநாயகக் கட்சியினர் 94ஆம் தொகுதியை அதன் முதல் இரு தசாப்தங்களிலும் தம்வசம் வைத்திருந்தார். 1999இல் குடியரசுக் கட்சி கீழ்ச்சபையிற் பெரும்பான்மை பெற்று, 2001இல் வரைபடத்தைத் தானே வரைந்தது. டயமன்ஸ்டைனும் அவ்வாண்டிலே கீழ்ச்சபைக்குப் போட்டியிடாது விலகினார். அதன் பின்னர் தொகுதி குடியரசுக் கட்சியினர் கைக்கு மாறியது. 2011இல் வீடு கட்டும் தொழிலைச் செய்துவந்த டேவிட் யான்சி அக்கட்சியின் சார்பில் அங்கு தெரிவானார்.

யான்சி தெரிவான அதே 2011ஆம் ஆண்டு வரையப்பட்ட வரைபடமே இவ்வரலாற்றின் மையப்பொருளாகும். கீழ்ச்சபையின் வரைபடத்தை அமைக்கும் பணிக்குத் தலைமை தாங்கியவர் கிறிஸ் ஜோன்ஸ் என்னும் குடியரசுக் கட்சி உறுப்பினர். கறுப்பினத்தவர் பெரும்பான்மையினராயுள்ள பன்னிரண்டு தொகுதிகளிலும் வாக்களிக்கும் வயதினருள் குறைந்தது 55 வீதத்தினர் கறுப்பினத்தவராயிருக்க வேண்டும் என்ற ஒரே அளவுகோல் அங்கு கையாளப்பட்டது. வாக்குரிமைச் சட்டத்திற்கு அமைவாகவே இது செய்யப்பட்டது என்பது வரைந்தோரின் கூற்று. மேலோட்டமாக நோக்குவார்க்கு அது சிறுபான்மையினருக்குச் செய்யப்பட்ட சலுகை போலவே தோன்றும். விளைவோ வேறாயிருந்தது. ஒரு தொகுதியிலே தேவைக்கு மேற்பட்ட வாக்காளரைத் திணிக்கும்போது அயற்றொகுதிகளில் அவர்களது பலம் குன்றிவிடுகின்றது. ஹாம்டன், நியூபோர்ட் நியூஸ் ஆகிய இரு நகரங்களின் பகுதிகளையும் இணைத்த 95ஆம் தொகுதி அப்பன்னிரண்டில் ஒன்று. அதன் அயலிலேயே 94ஆம் தொகுதி இருந்தது. ஒன்றிற் கறுப்பின வாக்குகள் குவிக்கப்பட்டன. மற்றையதில் அவை ஐதாக்கப்பட்டன. பழைய நகருக்கும் வார்விக்கின் புறநகருக்கும் இடையே 1958இல் அழிக்கப்பட்ட எல்லையை ஒத்த ஒரு கோடு மீண்டும் வரையப்பட்டது எனின் அது மிகையாகாது.

இத்தகைய கோட்டினுள்ளேயே 2017ஆம் ஆண்டுத் தேர்தல் நடைபெற்றது. நகரப் பாடசாலைச் சபையின் உறுப்பினராயிருந்த ஷெல்லி சிமண்ட்ஸ் 2015இல் யான்சியிடம் தோல்வியுற்றவர். இரண்டாம் முறையாகவும் அவரை எதிர்த்துச் சனநாயகக் கட்சியின் சார்பிற் போட்டியிட்டார். அதற்கு முன்னைய ஆண்டு டொனல்ட் டிரம்ப் சனாதிபதியாகத் தெரிவு செய்யப்பட்டமைக்கெதிரான உணர்ச்சி அமெரிக்கப் புறநகரங்களில் பரவியிருந்தது. கீழ்ச்சபையில் 66 ஆசனங்களை வைத்திருந்த குடியரசுக் கட்சி அவ்வொரே தேர்தலில் பதினைந்து ஆசனங்களை இழந்தது. மாநிலம் முழுவதிலும் அளிக்கப்பட்ட வாக்குகளுட் பாதிக்கு மேற்பட்டவை சனநாயகக் கட்சியைச் சேர்ந்தன. எனினும் ஆட்சி யாருடையது என்பது முடிவாகவில்லை.

94ஆம் தொகுதியில் முதற்கணக்கின்படி யான்சி பத்து வாக்குகளால் முன்னின்றார். டிசம்பர் 19ஆந் திகதி மீள எண்ணியபோது சிமண்ட்ஸ் 11,608, யான்சி 11,607 என நிலை மாறியது. சபை 50க்கு 50 எனச் சமநிலை எய்திவிட்டதாக அன்றிரவு கருதப்பட்டது. மறுநாள் மூன்று நீதிபதிகளைக் கொண்ட மன்று ஒரு வாக்குச்சீட்டை ஆராய்ந்தது. அதனை இட்ட வாக்காளர் இரு வேட்பாளரின் பெயருக்கு நேரேயுள்ள வட்டங்களையும் நிரப்பி, சிமண்ட்ஸின் வட்டத்தின் மேல் ஒரு கோடும் கீறியிருந்தார். மாநிலப் பதவிகளுக்கு அவர் குடியரசுக் கட்சியினரையே தெரிந்திருந்தார். மீள எண்ணும்போது ஒதுக்கப்பட்ட அச்சீட்டு யான்சிக்கே உரியது என்று நீதிபதிகள் முடிவு செய்தனர். அதனால் இருவரும் சமமாயினர். கோடு கீறியவரின் மனத்தில் என்ன இருந்தது என்பதை அவரே அறிவார். அவர் யார் என்பதை இரகசிய வாக்களிப்பு முறையில் எவரும் அறியார்.

சமநிலை ஏற்படின் திருவுளச்சீட்டெடுக்க வேண்டும் என்பது வேர்ஜீனியச் சட்டத்தின் விதி. 1971இல் பெயர்பக்ஸிலும் ஓர் ஆசனம் அவ்விதமே நிரப்பப்பட்டதுண்டு. 2018 சனவரி 4ஆந் திகதி தலைநகரான ரிச்மண்டில் தேர்தற் சபை கூடியது. இருவர் பெயரும் எழுதிய தாள்கள் இரண்டு படச்சுருட் சிமிழ்களில் இடப்பட்டன. நுண்கலை நூதனசாலையிலிருந்து இரவலாகப் பெறப்பட்ட ஒரு மட்பாண்டக் கிண்ணத்தில் அச்சிமிழ்கள் வைக்கப்பட்டன. சபைத் தலைவர் ஜேம்ஸ் அல்கோர்ன் ஒன்றை எடுத்தார். அதில் யான்சியின் பெயர் இருந்தது. குடியரசுக் கட்சி 51 ஆசனங்களுடன் சபாநாயகர் பதவியையும் குழுக்களின் தலைமையையும் தக்கவைத்துக் கொண்டது. சட்டமன்றம் கூடிய சனவரி 10ஆந் திகதி சிமண்ட்ஸ் தமது தோல்வியை ஏற்றுக்கொண்டார்.

அதிட்டமே இவ்வளவையும் முடிவு செய்தது என்று அன்று எழுதப்பட்டது. சில மாதங்களுள் வெளிவந்த இரு செய்திகள் அக்கருத்தை ஐயுறச் செய்தன. 2018 மே மாதத்தில் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை வாக்காளர் பதிவேடுகளையும் தொகுதி வரைபடத்தையும் ஒப்பிட்டு நோக்கியபோது, 26 வாக்காளர் உள்ளூர் அலுவலரின் தவறினால் பிழையான தொகுதியில் வாக்களித்தமை புலனாகியது. அவர்கள் வாழ்ந்த வட்டாரம் கறுப்பின மக்கள் பெரும்பான்மையினராயும் சனநாயகக் கட்சிக்குப் பேராதரவு வழங்கியதாயும் இருந்தது. வாக்குகள் சமமாயிருந்த ஒரு தேர்தலில் இருபத்தாறு என்பது பெருந்தொகை. வளைந்து நெளிந்து வீதிகளுக்கிடையே செல்லும் எல்லைக்கோடுகளை நிருவகிக்கும் அலுவலரே தடுமாறினர் என்பதும் இதனாற் பெறப்படும். அவ்வாக்குகளைத் திருப்பிப் பெறும் வழி எதுவும் அப்போது எஞ்சியிருக்கவில்லை.

இரண்டாவது செய்தி நீதிமன்றத்திலிருந்து வந்தது. பெதூன்-ஹில் என்பாரும் பிறரும் 2014இல் தொடுத்த வழக்கு 2011ஆம் ஆண்டு வரைபடத்தை எதிர்த்தது. 2018 யூனில் மூன்று நீதிபதிகளைக் கொண்ட கூட்டாட்சி மன்று, 95ஆம் தொகுதி உட்படப் பதினொரு தொகுதிகள் இன அடிப்படையில் அரசியலமைப்புக்கு முரணாக வரையப்பட்டவை எனத் தீர்ப்பளித்தது. அரசறிவியற் பேராசிரியர் பேர்னாட் குரொப்மன் மன்றின் சார்பிற் புதிய எல்லைகளை வகுத்தார். பதினொன்றைத் திருத்தும்போது அயற்றொகுதிகளும் மாறவேண்டியிருந்தமையால், சபையின் தொகுதிகளுள் ஏறத்தாழ நாலிலொரு பங்கு மாற்றம் பெற்றது. 94ஆம் தொகுதியும் அவற்றுள் ஒன்று. கீழ்ச்சபை செய்த மேன்முறையீட்டை, அவ்வாறு முறையிட அச்சபைக்கு உரிமையில்லை என்று கூறி, 2019 யூன் 17ஆந் திகதி உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையால் தள்ளிவிட்டது.

இதற்கிடையில் திருவுளச்சீட்டினாற் பெற்ற பெரும்பான்மை எவ்வளவு பயன்பட்டது என்பதும் நோக்கற்பாலது. வறியோருக்கான மெடிக்கெய்ட் மருத்துவக் காப்புறுதியை விரிவாக்குவதைக் குடியரசுக் கட்சி பல ஆண்டுகளாகத் தடுத்து வந்தது. 2018இல் அக்கட்சி உறுப்பினருள் ஒரு பகுதியினர் இணங்கியமையால் அது நிறைவேறி, யூன் 7ஆந் திகதி ஆளுநர் ரால்ப் நோர்தமின் ஒப்பம் பெற்றது. ஏறக்குறைய நான்கு இலட்சம் பேர் அதனாற் பயனடைவர் என மதிப்பிடப்பட்டது. தேர்தலில் வீசிய பொதுவான அலை செய்த வேலையைக் கிண்ணத்திலிருந்து எடுத்த சிமிழ் தடுக்கவில்லை. 2019 பெப்ரவரியில் பெண்களுக்குச் சமவுரிமை வழங்கும் அரசியலமைப்புத் திருத்தத்தைச் சபையின் விவாதத்திற்குக் கொண்டுவரும் முயற்சி 50க்கு 50 என்ற சமநிலையால் தோல்வியுற்றது. சனநாயகக் கட்சியின் 49 உறுப்பினருடன் சேர்ந்து வாக்களித்த ஒரேயொரு குடியரசுக் கட்சியினர் யான்சியே ஆவர். திருவுளச்சீட்டினால் வந்தவர், தம் தொகுதியிற் பாதிப்பேர் தமக்கு வாக்களிக்கவில்லை என்பதை மறந்திருக்கமாட்டார் போலும். ஒரு வாக்கின் பெறுமதி பற்றிப் பேசுவோர் 2017ஐ மட்டும் எடுத்துக்காட்டி இந்நிகழ்ச்சியை மறந்துவிடுதல் வியப்பிற்குரியது.

2019 நவம்பரில் இருவரும் மூன்றாம் முறையாக எதிர்த்து நின்றனர். புதிய எல்லைக்குள் சிமண்ட்ஸ் ஐயத்துக்கிடமற்ற பெரும்பான்மையுடன் வெற்றி பெற்றார். சனநாயகக் கட்சி 55 ஆசனங்களுடன் கீழ்ச்சபையையும், அத்துடன் மேற்சபையையும் கைப்பற்றியது. 2011ஆம் ஆண்டு வரைபடத்தை வரைந்த கிறிஸ் ஜோன்ஸ், திருத்தப்பட்ட தமது தொகுதியிலேயே தோல்வி கண்டார். முன்னைய ஆண்டிற் சமநிலையால் தடைப்பட்ட சமவுரிமைத் திருத்தம் 2020 சனவரியில் இரு சபைகளிலும் நிறைவேறியது.

இதிலிருந்து ஒரு கட்சி நேர்மையானது, மற்றையது அவ்வாறன்று என்ற முடிவுக்கு வருதல் பொருந்தாது. 2011இல் மேற்சபைக்குப் பெரும்பான்மைக் கட்சியாயிருந்த சனநாயகக் கட்சியினரும் அச்சபையின் வரைபடத்தைத் தமக்குச் சாதகமாகவே வரைந்தனர். பழைய பேர்ட் இயந்திரமும் சனநாயகக் கட்சியினுடையதே. வரையும் அதிகாரத்தைச் சட்டமன்றத்திடமிருந்து எடுத்து, உறுப்பினர் எண்மரும் குடிமக்கள் எண்மருமாகப் பதினாறு பேர் கொண்ட ஆணைக்குழுவிடம் ஒப்படைக்கும் திருத்தத்தை 2020 நவம்பரில் வாக்காளர் பெரும்பான்மையால் ஏற்றுக்கொண்டமை இக்காரணத்தினாலேயே ஆகும். அவ்வாணைக்குழு கட்சி அடிப்படையிற் பிளவுண்டு எதனையும் முடிக்காது கலைந்தது. பணி மாநில உச்ச நீதிமன்றத்தைச் சென்றடைந்தது. அது நியமித்த இரு நிபுணருள் ஒருவர் முன்னர் கூறப்பட்ட குரொப்மன். அவர்கள் வகுத்த வரைபடம் 2021 டிசம்பர் 28ஆந் திகதி ஏற்கப்பட்டு, 2023ஆம் ஆண்டுத் தேர்தலில் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது.

அப்புதிய வரைபடத்தில் 94 என்னும் எண் ஹாம்டன் சாலை நீர்ப்பரப்பைக் கடந்து நோர்போக்கிற்குச் சென்றுவிட்டது. சிமண்ட்ஸ் 2023இல் நியூபோர்ட் நியூஸில் 70ஆம் தொகுதியின் வேட்பாளராக நின்று வெற்றியீட்டினார்.